சமவாயமும் சம்மதமும்: ஓர் ஆசிரியரின் வாசிப்பு

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொட்டகலையில் நடைபெற்ற ஒரு கருத்தரங்குக்கு எங்கள் பாடசாலையிலிருந்து நான் அனுப்பப்பட்டேன். பால்நிலை சமத்துவம் பற்றிய கருத்தரங்கு அது. ஆசிரியர்களோடு தோட்டங்களிலிருந்து வந்த பெண்களும் இருந்தார்கள். எங்கள் கைகளில் தரப்பட்ட பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தில் 'பாலியல் மற்றும் இனப்பெருக்க சுகாதார உரிமைகள்' என்றொரு தலைப்பு. வளவாளர் அதை உரத்து வாசித்தபோது எனக்குப் பின்வரிசையிலிருந்த வயதான அம்மா ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் மெல்லக் கேட்டார்: "இனப்பெருக்கமா? அது ஆடு மாட்டுக்குச் சொல்றதுல்ல?" இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீடு திரும்பும் பஸ்ஸில் எனக்கு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அந்த அம்மா சொன்னது சரியான இலக்கிய விமர்சனம் என்று தோன்றியது. ஒரு பிரதி யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவர் அதில் தன்னைக் காணவில்லை என்பதைவிடப் பெரிய விமர்சனம் வேறென்ன? அன்றிலிருந்து இந்தச் சர்வதேச உறுதிமொழிகளையெல்லாம் தமிழ் ஆசிரியன் என்ற முறையில், பிரதிகளாக வாசித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் அவற்றின் வலிமையைச் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கெதிரான எல்லா வகையான பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான சமவாயம் 1979 டிசம்பர் 18இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எத்தனை பிள்ளைகள், எவ்வளவு இடைவெளியில் என்பதைச் சுதந்திரமாகவும் பொறுப்புணர்வோடும் தீர்மானிக்கும் உரிமை ஆணுக்கிருப்பதைப் போலவே பெண்ணுக்கும் உண்டு என அதன் 16ஆம் உறுப்புரை கூறுகிறது. அதற்கு வேண்டிய தகவலும் கல்வியும் வழிவகைகளும் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இலங்கை 1981 ஒக்டோபர் 5இல் எந்த ஒதுக்கீடும் இன்றி இதனை ஏற்புறுதி செய்தது. 1994இல் கெய்ரோவில் கூடிய 179 நாடுகள், இத்தகைய தீர்மானங்கள் வற்புறுத்தலோ வன்முறையோ இன்றி எடுக்கப்பட வேண்டும் என்று உடன்பட்டன. 1995இல் பெய்ஜிங், 2015இல் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் என்று அந்த வரிசை தொடர்கிறது. கருப்பையை அரசின் கணக்கேட்டிலிருந்து எடுத்துப் பெண்ணின் கையில் கொடுக்க முயன்ற வாசகங்கள் இவை. சிறிய காரியமல்ல.

பலவீனம் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழில் வரும் பிரசுரங்களில் 'உறுதிப்படுத்தப்படல் வேண்டும்', 'வலுவூட்டப்படல் வேண்டும்' என்று எல்லாமே செயப்பாட்டுவினை. எழுவாயைக் கண்டுபிடி என்று ஒன்பதாம் தரப் பிள்ளையிடம் கொடுத்தால் அது திணறிப்போகும். யார் உறுதிப்படுத்துவது? தோட்டத்துரையா, டொக்டரா, கணவனா, அரசா? எழுவாய் இல்லாத வாக்கியத்துக்குப் பொறுப்பாளியும் இல்லை.

எழுவாய் மறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மலையகமே சாட்சி. 1980இல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசு ஊக்கப்பணம் வழங்கத் தொடங்கியது. முதலில் 100 ரூபா, பின்னர் 500 ரூபா. அன்றைய தோட்டச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது பெருந்தொகை. மறு ஆண்டே நாம் சமவாயத்தை ஏற்றோம். ஆனால் தோட்டத்தில் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது 1984இல்தான். இந்த மூன்று ஆண்டுகளையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். உழைப்புக்குச் சமவிலை கொடுப்பதற்கு முன்னரே, பிள்ளை பெறாதிருப்பதற்கு விலை நிர்ணயிக்கப்பட்டுவிட்டது.

இதை ஒரேயடியாகச் சதி என்று எழுதிவிடுவதும் நேர்மையாகாது. எங்கள் பகுதியில் அந்த 'ஆப்பரேசனை' விரும்பிச் செய்துகொண்ட பெண்கள் பலர் இருக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்தாவது பிள்ளையை எங்கே கிடத்துவது என்ற கேள்வி அவர்களுடைய சொந்தக் கேள்விதான். என் கேள்வி வேறு. வேறு வழிகளும் உண்டு என்று அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லப்பட்டதா? கணவனுக்கும் அந்தச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று யாராவது கணவனிடம் சொன்னார்களா? பணத்தேவையின் முன்னால் வைக்கப்படும் தாளில் இடப்படும் கைநாட்டு எந்த அளவுக்குச் சம்மதம்?

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றாவது பிள்ளையைப் பெற்ற தொழிலாளித் தாய்க்கு முதலிரு பிள்ளைகளுக்குக் கிடைத்த 84 நாள் பிரசவ லீவு கிடைக்காமல் 42 நாள் மட்டுமே என்றிருந்த சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. அதுவரை மூன்றாவது பிள்ளையின் தாய் ஆறு கிழமையில் மலையேற வேண்டியிருந்தது. பிள்ளையின் எண்ணிக்கை ஏறினால் தாயின் உடம்பு சீக்கிரம் தேறிவிடும் என்று எண்ணியிருப்பார்கள் போலும்!

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். 1930களில் மீனாட்சியம்மாள் நடேசையர் தோட்டத் தொழிலாளர் மத்தியில் பாட்டுப் பாடி உரிமை பேசினார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் ஒரு பெண்ணின் வாழ்வை நடுவில் வைத்து மலையகத்தைச் சொன்னது. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' பெண்ணின் உழைப்பை மலையகச் சிறுகதையின் மையத்துக்குக் கொண்டுவந்தது. இந்த முன்னோடிகள் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் அவர்களுக்குப் பின்வந்த ஆண் எழுத்தாளர் பலரின் கதைகளில் நான் காணும் பெண், சுமப்பவளாகவே நிற்கிறாள். கூடையைச் சுமக்கிறாள், பிள்ளையைச் சுமக்கிறாள், குடிகாரக் கணவனைச் சுமக்கிறாள். இறுதிப் பக்கத்தில் கண்ணீர் விடுகிறாள். 'எனக்கு இனிப் பிள்ளை வேண்டாம்' என்றோ, 'இன்னொரு பிள்ளை வேண்டும்' என்றோ அவள் வாய்திறந்து சொல்லும் கதை அரிதாகவே கண்ணில் படுகிறது. துரையும் கங்காணியும் கொழுந்தை நிறுத்தார்கள். நாமோ அவளுடைய துயரத்தை நிறுத்துக்கொண்டிருந்தோம். அவளுடைய விருப்பத்தை இருதரப்பும் கேட்கவில்லை.

தோட்டத்துப் பெண்ணைப் பற்றி இவ்வளவும் எழுதிவிட்டு நான் பேனாவை மூடினால் இந்த இதழின் வாசகர்களுக்கு அது வசதியாக இருக்கும். மற்றவர் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி எழுதுவது எப்போதும் இலகு. நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்.

1995இல் இந்நாட்டின் பொதுத் திருமண வயது 18 ஆக்கப்பட்டபோது நாம் அதற்கு வெளியே நின்றோம். நமக்கு இருந்தது 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமியின் திருமணத்தையும் காதியின் அனுமதியோடு பதிவு செய்யலாம் என்றது அது. மணமகளின் கையொப்பத்தை அது கேட்கவில்லை. வலியின் கையொப்பம் போதுமாயிருந்தது. பெண் காதியாக வருவதற்கும் அதில் இடமிருக்கவில்லை. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை கையளித்தபோது, உறுப்பினர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்றார்கள்.

திருத்தம் என்ற பேச்சு வந்தால் நம்மவர்கள் சொல்வது ஒன்றுதான்: இது மேற்கின் நிகழ்ச்சிநிரல். சமவாயம் நியூயோர்க்கில் எழுதப்பட்டது உண்மை. ஆனால் சம்மதம் அங்கே பிறந்ததா? கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்மணி, தன் விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணமுடித்து வைத்ததாக நபிகளாரிடம் முறையிட்டபோது அந்தத் திருமணம் செல்லாததாக்கப்பட்டது என்பது புகாரியில் பதிவான செய்தி. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் 'அஸ்ல்' பற்றி இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் கூச்சமின்றி விவாதித்து அனுமதிக்கிறார். அவர்கள் பேசியதை நாம் பேச மறுத்துவிட்டு, மௌனத்துக்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுகிறோம்.

நமது விமர்சன மரபும் இந்த மௌனத்துக்குத் துணைபோயிருக்கிறது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004), அனாரின் 'எனக்குக் கவிதை முகம்' (2007), ஸர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்' (2014) ஆகியவை வந்தபோது நம் கூட்டங்களில் நான் கேட்ட பேச்சுகள் பெரும்பாலும் பிரதியைப் பற்றியவை அல்ல. எழுதியவரின் உடையைப் பற்றியவை, துணிச்சலைப் பற்றியவை, 'இதெல்லாம் எழுதத்தான் வேண்டுமா' என்பவை. 2012இல் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்ன கருத்துக்காக ஸர்மிளா மிரட்டப்பட்டபோது நம்மில் எத்தனை பேர் பேசினோம்? நான் பேசவில்லை. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

என் பங்கு அத்தோடு முடியவில்லை. ஆசிரியர் கலாசாலைப் பயிற்சி முடித்து வந்த ஆரம்ப ஆண்டுகளில் சுகாதாரப் பாடமும் என் தலையில் விழுந்தது. கட்டிளமைப் பருவம் பற்றிய அலகு வந்ததும், "இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த அலகுக்குத் தாவினேன். பிள்ளைகள் தலைகுனிந்து சிரித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வகுப்பில் கெட்டிக்காரியாக இருந்த ஒரு மாணவி சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை. நிக்காஹ் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளின் பின் விடுகைப் பத்திரம் கேட்டு வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒன்று. முகம் வெளிறியிருந்தது. "உடம்பைப் பார்த்துக்கொள் மகள்" என்றேன். "எப்படிப் பார்க்கிறதுன்னு யாரும் சொல்லித் தரல்லியே சேர்" என்றாள். அவள் என்னைக் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

சமவாயம் 'தகவலும் கல்வியும்' என்று சொல்கிறதே, அந்த வாக்கியத்தின் எழுவாய் யார் என்று தேடினேன் அல்லவா? ஒரு எழுவாய் கரும்பலகையின் முன்னால் சோக்குக்கட்டியோடு நின்றுகொண்டிருந்தது.

இப்போது அந்த அலகைக் கற்பிக்கிறேன். முதல் நாள் நாக்கு வரண்டது. 'இனப்பெருக்கம்' என்ற சொல்லைப் பாடநூல் கேட்பதால் எழுதுகிறேன். பக்கத்தில் 'பிள்ளைப்பேறு' என்றும் எழுதுகிறேன். மாசமாக இருப்பது, முழுகாமல் இருப்பது, பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடைவெளி விடுவது என்று நம் வீடுகளில் சொற்கள் இருக்கவே செய்கின்றன. அவை பிரசுரங்களுக்குள்ளும் கதைகளுக்குள்ளும் இன்னும் போதிய அளவில் வந்து சேரவில்லை.

எழுதுகின்ற நண்பர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கதையில் ஒரு பெண் வந்தால், அவள் கண்ணீர் விடுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உனக்கு என்ன வேண்டும்? அவள் சொல்லும் பதில் நமக்குப் பிடிக்காமலும் போகலாம். அப்படியே எழுதுங்கள்.