தங்கவயலுக்கு எந்த பிலிம்?

கலர் பிலிம் கழுவும் சி-41 ரசாயனத்திலேயே கழுவ வேண்டிய கறுப்பு வெள்ளை பிலிம் ஒன்று இன்னமும் விற்பனையில் இருக்கிறது: இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர். கோடக் நிறுவனம் இதே வகையான தன் பிடபிள்யூ400சிஎன்-ஐ 2014-ல் நிறுத்திவிட்டது. இந்த வகை பிலிமைப் பழைய கைகள் "அசல் கறுப்பு வெள்ளை இல்லை" என்று ஒதுக்குவார்கள். பிடித்தவர்கள் "எந்த லேபிலும் கொடுக்கலாம், வேலை மிச்சம்" என்பார்கள். மூடப்பட்ட தங்கச் சுரங்க ஊரான கோலார் தங்கவயலைப் படமெடுக்க இது ஏற்றதா என்று கேட்டுப் பார்த்தால் இரண்டு பேச்சுமே நிற்காது.

முதலில் அந்த "அசல்" வாதம். ஒளியைப் பிடிப்பது இதிலும் வெள்ளி உப்புதான். டெவலப்பர் வெள்ளியைக் கறுப்பாக்கும்போது தானும் மாறி, பிலிமுக்குள் ஏற்கெனவே இருக்கும் கப்ளர் என்ற வேதிப்பொருளுடன் சேர்ந்து சாயமாகிறது. பிறகு பிளீச்சும் ஃபிக்ஸரும் வெள்ளி முழுவதையும் கரைத்து எடுத்துவிடுகின்றன. மிஞ்சுவது சாயம் மட்டும். உலோகத்தைக் கரைத்தெடுத்து மிச்சத்தை விட்டுவைப்பது தங்கவயலுக்குப் புதிதல்ல. கிளாஸ்கோவில் 1887-ல் காப்புரிமை பெற்ற சயனைடு முறைதான் இங்கே பொடித்த பாறையிலிருந்து தங்கத்தைக் கரைத்தது; ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகள் அதன் மிச்சம். (கண்ணாடித் தகடு காலத்துப் படக்காரர்கள் ஃபிக்ஸராகவே சயனைடைப் பயன்படுத்தியதும் உண்டு.) நெகட்டிவில் வெள்ளி இல்லை என்பதால் படம் போலியாகிவிடாது.

அந்த மேடுகள்தாம் இங்கே படக்காரனுக்குப் பெரிய தலைவலி. மூன்று கோடி டன்னுக்கும் மேல் வெளிறிய மண். நண்பகல் வெயிலில் அது கண்ணைக் கூச வைக்கும். அதே சட்டகத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துப் பக்கத்து, தொழிலாளர்கள் வாழும் லைன் வீட்டின் வாசலும், உள்ளே இருட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் முகமும் வேண்டும் என்றால் சாதாரண பிலிம் திணறும். முகத்துக்கு அளந்தால் மேடு நெகட்டிவில் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். மேட்டுக்கு அளந்தால் முகம் காணாமல் போகும். எக்ஸ்பி2-வில் ஒளி அதிகமாக விழுந்த இடங்களில் சாயப் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து, பரல் குறைந்து வழுவழுப்பாகின்றன. வெள்ளி பிலிமில் நடப்பதற்கு இது நேரெதிர். 400 என்று அட்டையில் இருந்தாலும் 200-ல் வைத்து எடுத்தால் நிழலிலும் விவரம் கிடைக்கும், மேடும் மேடாகவே தெரியும். இந்த ஒரு காரணத்துக்கே பகல் வேளைக்கு இதைத்தான் பையில் முதலில் போடுவேன்.

"வேலை மிச்சம்" என்பது இன்று செல்லாத காசு. தெருவுக்கு ஒரு மினிலேப் இருந்தபோது அதற்கு அர்த்தம் இருந்தது. அப்போதும் கலர் பேப்பரில் போட்டுக் கொடுத்த பிரிண்ட் பச்சையோடியோ பழுப்பேறியோதான் வரும். இப்போது தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களோடு ரோலையும் கொடுத்தனுப்ப வேண்டும், இல்லையென்றால் வீட்டிலேயே கழுவ வேண்டும்.

வீட்டில் கழுவுவது பலர் பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை. டெவலப்பர் 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 விநாடி. கறுப்பு வெள்ளைக் கழுவலுக்குச் சொல்லப்படும் 20 டிகிரிக்கு நம் ஊர்க் கோடையில் ஐஸ் கட்டி தேட வேண்டும்; 38-க்கு ஒரு வாளி வெந்நீர் போதும். கலர் பிலிமில் வெப்பம் அரை டிகிரி நகர்ந்தாலே நிறச் சமநிலை கெடலாம் என்ற கவலை இருக்கிறது. இதில் கெடுவதற்கு நிறமே கிடையாது. கான்ட்ராஸ்ட் கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும், அவ்வளவுதான். ஸ்கேன் செய்யும்போது இன்னொரு லாபம்: அகச்சிவப்புக் கதிரால் தூசியையும் கீறலையும் அடையாளம் கண்டு நீக்கும் வசதி வெள்ளி நெகட்டிவில் குழம்பிப்போகும், சாய நெகட்டிவில் ஒழுங்காக வேலை செய்யும்.

இதைச் சாதாரண கறுப்பு வெள்ளை டெவலப்பரில் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். படம் வரும், வெள்ளியும் தங்கும். ஆனால் சாயம் உருவாகாது. எந்த வழுவழுப்புக்காகவும் தாராளத்துக்காகவும் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்களோ அதையே தொலைத்துவிட்டு, பரல் தெரியும் சுமாரான ஒரு வெள்ளி நெகட்டிவைப் பெறுகிறார்கள். அதற்கு ஹெச்பி5 என்ற வெள்ளி பிலிமையே வாங்கிவிட்டுப் போகலாம்.

எனக்கு உண்மையான தயக்கம் ஆயுளில்தான். சாயம் இருட்டில் பூட்டி வைத்தாலும் மங்கும். வெப்பமும் ஈரமும் அதை விரட்டும். இன்றைய சாயங்கள் 1970-களின் சாயங்களைவிட எவ்வளவோ மேல் என்றாலும், ஒழுங்காக ஃபிக்ஸ் செய்து கழுவிய வெள்ளியோடு போட்டி போட முடியாது. இதில் தங்கவயலுக்கு ஏற்கெனவே ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் வந்த பிறகு ஷாஃப்ட்டுகள் எழுந்த காலத்தின் படங்கள் வெள்ளியில் பதிவாகி இன்றும் கறுப்பு கறுப்பாகவே கிடைக்கின்றன. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டதோ கலர் பிலிமின் உச்சக் காலத்தில். கடைசி ஆண்டுகளின் கல்யாணங்களும் வேலைநாட்களும் பெரும்பாலும் சி-41 சாயத்தில், பிளாஸ்டிக் ஆல்பங்களில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கின்றன. தொடக்கத்தைவிட முடிவு சீக்கிரம் மங்கிப்போகும்.

ஆகவே என் தீர்ப்பு இது. எக்ஸ்பி2 நல்ல பிலிம். அதற்குரிய குளியல் சி-41 மட்டுமே. மேடு, வெயில், வாசல் மூன்றையும் சேர்த்து எடுக்க இதைவிடத் தோதான கறுப்பு வெள்ளை பிலிம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஆவணமாக நிற்க வேண்டிய படங்களுக்கு, அதாவது இன்னும் உயிரோடிருக்கும் சுரங்கத் தொழிலாளிகளின் முகங்களுக்கும் இடிந்துகொண்டிருக்கும் லைன் வீடுகளுக்கும், இதை நம்ப மாட்டேன். அவற்றை மாலை வெயிலுக்குக் காத்திருந்து வெள்ளி பிலிமில் எடுக்க வேண்டும். காத்திருக்க நேரமில்லாமல் எக்ஸ்பி2-வில் எடுத்துவிட்டால், கழுவிய வாரமே ஸ்கேன் செய்து, நல்ல நெகட்டிவிலிருந்து பைபர் பேப்பரில் ஒரு வெள்ளி பிரிண்டும் போட்டு வைக்க வேண்டும். எக்ஸ்பி2-வில் ஆரஞ்சு மாஸ்க் கிடையாது என்பதால் என்லார்ஜரில் அது சிரமமில்லாமல் நடக்கும்.