ஆற்றுப்படையும் பயணக் கையேடும்

பயண இலக்கியமும் பயணக் கையேடும் ஒன்றாகா. சென்று வந்தவர் தாம் கண்டவற்றைத் தம் உள்ளத்தின் வழியே எடுத்துரைப்பது முன்னது. இனிச் செல்லவிருப்பவர், எங்கே இறங்குவது, எதில் ஏறுவது, எங்கே தங்குவது, எவ்வளவு கொடுப்பது என்று எழுப்பும் கேள்விகளுக்கு விடை தருவது பின்னது. தமிழில் முன்னது செழித்த அளவுக்குப் பின்னது வளரவில்லை. காந்தியடிகள் பற்றிய ஆவணப்படத்துக்காக நாடு நாடாகச் சென்று படச்சுருள் திரட்டி, அப்படத்தை 1940-இல் வெளியிட்ட ஏ. கே. செட்டியார் தொடங்கி, சோமலெ, மணியன் என்று பயண இலக்கிய வரிசை நீள்கிறது. ஆனால் குறைந்த செலவில் அயல்நாடு சென்று வர எண்ணும் தமிழர் கையில் எடுப்பது பெரும்பாலும் ஆங்கிலக் கையேட்டைத்தான். அந்தக் கையேடு அவருக்கு எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை, தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஒரு சிற்றூரிலிருந்து புறப்படுபவரின் நிலையில் நின்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கே குறைந்த செலவுப் பயணம் என்று குறிக்கப்படுவது முதுகுப்பைப் பயணம். தோளில் மாட்டிய ஒற்றைப் பையுடன், சுற்றுலா நிறுவனத்தின் துணையின்றி, உள்ளூர்ப் பேருந்திலும் சாதாரண ரயில் பெட்டியிலும் ஏறி, பலர் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் படுக்கும் ஹாஸ்டல்களில் தங்கி, அடுத்த ஊரைப் போகிற போக்கில் முடிவு செய்துகொள்ளும் முறை அது. இம்முறைக்கென எழுந்த கையேடுகளை ஆராயும்போது ஒன்று தெளிவாகிறது: எழுதியவரும் வாசிப்பவரும் எந்த அளவுக்கு ஒத்த நிலையில் நிற்கிறார்களோ, அந்த அளவுக்கே கையேடு வழிகாட்டும்.

இக்கருத்துக்கான முதல் சான்று தமிழிலேயே இருக்கிறது. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர், பரிசில் பெற்றுத் திரும்பும் வழியில் எதிர்ப்படும் தம்மையொத்த வறியவரிடம் தாம் பெற்ற வளத்தைச் சொல்லி, அதைத் தந்த வள்ளலிடம் போகும் வழியைக் காட்டுவதை ஆற்றுப்படை என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம், நன்னனின் செங்கண்மாவுக்குக் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறது. அந்தச் செங்கண்மா, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அரூர், ஊத்தங்கரை வழியாக வடகிழக்கே சென்றால் எட்டிவிடக்கூடிய இன்றைய செங்கம். பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் இடம், பாம்பு ஒடுங்கியிருக்கும் குழி, தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல், பாசி படர்ந்து வழுக்கும் பாறை என்று ஆபத்துகளை வரிசைப்படுத்தி, எவ்வெந்நிலத்தார் என்னென்ன உணவு தருவர் என்பதையும் அது சொல்கிறது. உணவு, தங்கல், வழி, ஆபத்து ஆகிய நான்கும் இக்காலக் கையேட்டின் அதிகாரத் தலைப்புகளாகவும் இருப்பதைக் காணலாம். இதில் கருதத்தக்கது, வழி சொல்பவரும் கேட்பவரும் ஒரே தொழிலினர், ஒரே வறுமையினர், ஒரே சுமையைத் தூக்கி நடப்பவர் என்பதாகும். ஒருவர் காலில் தைத்த முள் மற்றவர் காலிலும் தைக்கும் என்பதால், அந்தச் சொல்லுக்கு நம்பகம் தானே வந்து சேர்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் பெயர் பெற்ற சிக்கனக் கையேடுகளின் பிறப்பிலும் இவ்வியல்பே காணப்படுகிறது. ஜெர்மனியில் அமெரிக்கப் படைவீரராக இருந்த ஆர்தர் ஃப்ராம்மர், 1955-இல் சக படைவீரர்களுக்காக ஐரோப்பியப் பயண வழிகாட்டி ஒன்றை எழுதினார். அதன் வளர்ச்சியே, நாளொன்றுக்கு ஐந்து டாலரில் ஐரோப்பாவைச் சுற்றலாம் என்று அறிவித்து 1957-இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூல். ஹார்வர்டு மாணவர்கள் மாணவர்களுக்காக ‘லெட்ஸ் கோ’ கையேட்டை 1960-இல் தொடங்கினர். லண்டனிலிருந்து தரைவழியாக ஆசியாவைக் கடந்து, 1972-இன் இறுதியில் கையில் 27 சென்ட் மட்டும் மிஞ்ச சிட்னியை அடைந்த டோனி வீலர், மொரீன் வீலர் இணையர், எப்படி வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு விடையாக 1973-இல் தாமே அச்சிட்ட சிறுநூலே ‘லோன்லி பிளானட்’ நிறுவனத்தின் வித்து. படைவீரர் படைவீரருக்கும், மாணவர் மாணவருக்கும், நாடோடி நாடோடிக்கும் சொன்ன ஆற்றுப்படைகள் இவை.

இக்கையேடுகளின் நிறைகளில் முதலாவது தேர்வு. ஒரு நகரில் ஆயிரம் விடுதிகள் இருக்கும்போது பத்தை மட்டும் பொறுக்கித் தருவது, முதன்முறை செல்பவரின் குழப்பத்தைப் பாதியாகக் குறைக்கிறது. இரண்டாவது, ஓர் ஊரை முழுமையாக மனத்தில் வரைந்து தரும் ஆற்றல்: ரயிலடி எங்கே, பழைய நகரம் எங்கே, ஆறு எந்தப் பக்கம், எத்தனை நாள் தங்கினால் போதும் என்பவை புறப்படும் முன்பே பிடிபட்டுவிடுகின்றன. மூன்றாவது, மெதுவாக மாறும் அறிவைச் சேர்த்து வைப்பது. தாய்லாந்தில் நாம் பிளா எனப்படும் மீன்சாறு, காய்கறி மட்டும் கொண்டதாகத் தோன்றும் உணவிலும் கலந்திருக்கக்கூடும்; முழுச் சைவ உணவு வேண்டுவோர் ‘ஜே’ என்ற சொல்லைச் சொல்ல வேண்டும்; மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்தால் அச்சொல் எழுதிய கொடி தொங்கும் கடையில் ஊன் மட்டுமன்றிப் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை. இந்த ஒற்றைச் சொல், புரட்டாசி மாதம் முழுவதும் அசைவத்தைத் தொடாத ஒரு வீட்டிலிருந்து செல்பவருக்கு நூலின் விலையை ஈடுசெய்துவிடும். அடுத்த பதிப்பு வருவதற்குள் அச்சொல் செல்லாக்காசு ஆவதுமில்லை.

குறைகளில் எளிதில் கண்ணில் படுவது மூப்பு. களத்தில் தகவல் திரட்டி, எழுதி, சரிபார்த்து, அச்சிட்டுக் கடைக்கு அனுப்புவதற்குள் மாதங்கள் பல கழிந்துவிடுகின்றன. தாய்லாந்து 2023 நவம்பரில் இந்தியருக்கு 30 நாள் விசா விலக்கு அளித்து, 2024 ஜூலையில் அதை 60 நாளாக உயர்த்தியது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் விலக்கு அளித்ததோடு, வருகைப் படிவத்தை முன்னதாக இணையத்தில் நிரப்பும் முறையையும் கொண்டுவந்தது. இம்மாற்றங்களுக்கு முன் அச்சான எந்த நூலும் விசா பற்றிய பகுதியில் பயணியைத் தவறான வழியிலேயே அனுப்பியிருக்கும். பிபிசியின் வணிகப் பிரிவு ஏறத்தாழ 13 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய லோன்லி பிளானட் நிறுவனத்தை 2013-இல் ஏறத்தாழ 5 கோடி பவுண்டுக்கு விற்க நேர்ந்ததில், உடனுக்குடன் மாறும் தகவலைத் தாளில் விற்கும் தொழிலின் சரிவையும் காணலாம்.

இரண்டாவது குறை, கையேடு தான் புகழும் இடத்தைத் தானே மாற்றிவிடுவது. ஒரே நூலை ஏந்தியவர்கள் ஒரே விடுதியில் கூடும்போது அங்கே வாடகை ஏறுகிறது. உணவகம் உள்ளூர்ச் சமையலைக் கைவிட்டு வாழைப்பழப் பான்கேக் சுடத் தொடங்குகிறது. தென்கிழக்காசியப் பயணிகள் வழக்கமாகச் சுற்றும் பாதைக்கு அந்தப் பான்கேக்கின் பெயரே நிலைத்துவிட்டது. அரிசி என்று பொருள்படும் பெயரைக் கொண்டு, ஒருகாலத்தில் அரிசி வாணிகம் நடந்த பாங்காக்கின் காவ் சான் தெரு, 1980-களுக்குப் பின் முதுகுப்பைப் பயணிகளின் விடுதித் தெருவாகவே மாறிப்போனது. எவரும் அறியாத இடத்தைக் காட்டுவதாகச் சொல்லும் நூல், எல்லாரும் அறிந்த இடமாக அதை ஆக்கிவிடும் முரண் இதில் உண்டு.

மூன்றாவது குறை, முன்னிரண்டையும்விட ஆழமானது. தமிழ் வாசகரை நேராகத் தாக்குவது. கையேடு மனத்தில் கொண்டிருக்கும் பயணி, வலுவான கடவுச்சீட்டும் டாலர் வருமானமும் உடையவர். ஐந்து டாலர் நூல் பல பதிப்புகளாக விற்றுக்கொண்டிருந்த 1960-களில் இந்தியர் எதிர்கொண்ட அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு எத்தனை கடுமையானதென்றால், வெறும் எட்டு டாலருடன் கடல் கடந்தோர் பலர். நூல் இரண்டு நாளுக்குக்கூடப் போதாது என்று கணக்கிட்ட தொகை, இவர்களின் முழு மூலதனமாக இருந்தது. அந்த இடைவெளி இன்று குறைந்திருந்தாலும் மறையவில்லை. 15 டாலர் கட்டிலைச் சிக்கனம் என்று நூல் வகைப்படுத்தும்போது, ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு படுக்கை மட்டும் வாங்குவதைப் பாப்பிரெட்டிப்பட்டியில் எவரும் சிக்கனம் என்று சொல்லமாட்டார்.

பணத்தைவிடக் கடுமையான தடை தாள்கள் சார்ந்தது. முதுகுப்பைப் பயணத்தின் உயிர்நாடி, அடுத்த ஊரைப் போகிற போக்கில் முடிவு செய்யும் உரிமை. ஷெங்கன் விசா கேட்கும் இந்தியருக்கு அவ்வுரிமை தொடக்கத்திலேயே பறிபோகிறது. செல்லும் ஊர்களின் நிரல், தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, 2024 ஜூன் முதல் 90 யூரோவாக உயர்ந்த கட்டணம் ஆகிய அனைத்தையும் புறப்படும் முன்பே அவர் அளித்தாக வேண்டும். திட்டமிடாமல் செல்க என்று நூல் தரும் அறிவுரையும், திட்டத்தைக் காட்டு என்று தூதரகம் விதிக்கும் கட்டளையும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. இதைப் போன்றதே குடியகல்வுச் சோதனை வகை. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் இந்தியக் கடவுச்சீட்டில் பொதுவாக இடம்பெறும் இக்குறிப்பு, மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் அரசின் முன்னனுமதி பெற வேண்டும் என்பதற்கானது. சுற்றுலாவுக்கு அந்த அனுமதி தேவையில்லை எனினும், இத்தகைய கடவுச்சீட்டுடன் செல்பவர் திரும்பும் பயணச்சீட்டையும் தங்குமிடச் சான்றையும் கையோடு வைத்திருப்பது நலம். இந்தியச் சிற்றூர்களில் பலரை நேராகத் தொடும் இச்செய்தியைப் பிற நாட்டவருக்கென எழுதப்பட்ட நூலில் தேடுவது வீண்.

பயணம் எங்கே தொடங்குகிறது என்பதிலும் இதே இடைவெளி தெரிகிறது. கையேடு, அயல்நாட்டு விமான நிலையத்தில் இறங்கியவுடன் தொடங்குகிறது. பாப்பிரெட்டிப்பட்டிக்காரருக்குப் பயணம் தொடங்குவது, கடவுச்சீட்டு விண்ணப்பத்தின்மேல் காவல்துறைச் சரிபார்ப்பு நடக்கும் நாளில். மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. சேலத்தை அடுத்த காமலாபுரத்திலிருந்து அயல்நாட்டு விமானம் கிடையாது. எனவே பொம்மிடியில் ரயிலேறிச் சென்னை போவதா, தருமபுரி போய்ப் பேருந்து பிடித்துப் பெங்களூரையும் குறுக்கே கடந்து தேவனஹள்ளி போவதா என்பதே முதல் கணக்கு. இந்தச் செலவையும், ஒரு நாளை விழுங்கும் இந்த அலைச்சலையும் சேர்க்காத எந்த வரவுசெலவுக் கணக்கும் அவருக்குப் பொய்க்கணக்கே.

கையேடு அறியாதது தமிழரின் குறைகளை மட்டுமன்று, அவருடைய வளங்களையும்தான். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் முதுகுப்பைப் பயணிகள் குவியும் சூலியா தெரு, அங்கே வாணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களான சூலியர்களின் பெயரைத் தாங்கியது. அருகிலேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நிற்கிறது. மலாய் மொழியில் நாலு முகமன் சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்லும் நூலுக்கு, அந்த வட்டாரத்தில் மாமாக் கடைகள் எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவகங்கள் சிலவற்றில் தமிழிலேயே வழி கேட்கலாம், விலை பேசலாம் என்று சொல்லத் தோன்றுவதில்லை. சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதை அரசியல் குறிப்பாகத் தரும் நூல், அது பயணிக்குக் கைமுதல் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

இந்த இடைவெளியை இப்போது தமிழ்க் காணொளிப் பதிவர்கள் ஓரளவு நிரப்புகின்றனர். இந்தியக் கடவுச்சீட்டை நீட்டியபோது குடிவரவு அலுவலர் கேட்ட கேள்வி, ரூபாயில் ஆன செலவு, சோறு கிடைத்த கடை என்று அவர்கள் சொல்பவை, ஒத்த நிலையினர் ஒத்த நிலையினருக்குச் சொல்பவை என்ற அளவில் ஆற்றுப்படையின் மரபில் வருகின்றன. ஆயினும் அரை மணி நேரக் காணொளியில் வேண்டிய ஒரு தகவலைத் தேடி எடுப்பது, பக்கத்தைப் புரட்டுவதுபோல் எளிதன்று. விடுதிக்காரர் இலவசமாகத் தங்கவைத்த இரவைப் பற்றிய புகழுரையைப் பிரித்தறிவதும் எளிதன்று. பரிசில் பெற்றவன் வள்ளலைப் புகழ்வதே ஆற்றுப்படையின் உள்நோக்கம் என்பதை நினைவுகூர்ந்தால், இக்குறை இன்று புதிதாக முளைத்ததன்று என்பது விளங்கும். புகழ் பாட வந்த மலைபடுகடாமே பாம்புக் குழியையும் பன்றிப் பொறியையும் மறைக்காமல் சொன்னது. வழிகாட்டுவோரை மதிப்பிடுவதற்கு அதுவே நல்ல அளவுகோல்: எது ஆபத்து, எங்கே போகவேண்டாம் என்று ஒருமுறையும் சொல்லாத பதிவரை நம்பிப் பை கட்டக்கூடாது.

மொத்தத்தில், ஊரின் அமைப்பு, வரலாறு, போக்குவரத்தின் போக்கு, உணவு, வழக்கம் ஆகியவற்றுக்கு அச்சுக் கையேட்டை நம்பலாம். நூலகத்தில் கிடைக்கும் பழைய பதிப்பும் இதற்குப் போதும். விசா, நுழைவுப் படிவம், செலாவணி ஆகியவற்றுக்கு அந்தந்த அரசின் வலைத்தளத்தைத் தவிர வேறு எதையும் நம்பக்கூடாது. விலைகளை, நூல் தரும் எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், ஓரிடம் மற்றோரிடத்தைவிட மலிவு என்ற ஒப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சியிருக்கும் பணி தமிழ்ப் பதிப்பாளர்களுடையது. இந்தியக் கடவுச்சீட்டிலிருந்தும், ரூபாய்க் கணக்கிலிருந்தும், பொம்மிடி போன்ற ரயிலடியிலிருந்தும் தொடங்கி இலங்கை, மலேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளுக்கேனும் வழி சொல்லும் கையடக்க நூல்களைத் தமிழில் கொண்டுவந்து, ஆண்டுதோறும் திருத்தி வெளியிட முடியுமானால், ஆற்றுப்படை பாடிய மொழியில் வழிநூல் இல்லை என்ற குறை தீரும்.