ரேகையும் முகமும்: மதுரை வட்டாரப் போராட்ட ஒளிப்படங்களின் ஆற்றலும் அறமும்

ஆய்வுச் சுருக்கம்

போராட்டத்தின் சின்னமாக நிலைபெற்றுவிட்ட ஒளிப்படம், தன்னுள் இடம்பெற்ற மனிதருக்கு என்ன கடமைப்பட்டுள்ளது என்னும் வினாவை மதுரை வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை எழுப்புகிறது. பதிவுசெய்யப்படுவதே ஒடுக்குமுறையாக இருந்த நிலப்பகுதியில், 'உலகம் பார்த்துவிட்டது' என்பது மட்டுமே ஒளிப்படத்துக்கு நியாயமாகிவிடாது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: ஒளிப்படம், சின்னமாதல், ரேகைச் சட்டம், ஜல்லிக்கட்டுப் போராட்டம், கக்கூஸ், அரிட்டாபட்டி

படம் இல்லாத போராட்டம்

1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். குற்றப் பழங்குடியினர் சட்டத்தின்கீழ்த் தம்மைப் பதிவுசெய்ய வந்தவர்களுக்கு உடன்பட மறுத்ததே பிரமலைக் கள்ளர்கள் செய்த குற்றம். அந்நிகழ்வை இன்றுவரை நினைவில் நிறுத்தியிருப்பது ஒளிப்படம் அன்று; இறந்தோரின் பெயர்ப் பட்டியலும், வாய்மொழிக் கதைகளும், ஊரில் பின்னர் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னமுமே.

அச்சட்டத்தை அப்பகுதி மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். இப்பெயர் கவனத்திற்குரியது. சட்டத்தின் நோக்கத்தையோ தண்டனையையோ இது சுட்டவில்லை. உடலிலிருந்து அரசு எடுத்துக்கொண்ட பதிவைச் சுட்டுகிறது. ரேகையும் ஒளிப்படமும் காலனிய ஆட்சியில் ஏறத்தாழ ஒரே காலத்தில் புழக்கத்துக்கு வந்த அடையாளக் கருவிகள். வங்காளத்தில் 1858-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கினார். இந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஒளிப்படங்களாக வகைப்படுத்திய 'இந்திய மக்கள்' என்னும் எட்டுத் தொகுதிகள் 1868 முதல் 1875 வரை வெளிவந்தன. யார் எடுக்கிறார், யார் வைத்துக்கொள்கிறார், யாருக்கு எதிராகப் பயன்படுத்துகிறார் என்னும் கேள்விகள் இரண்டுக்கும் பொது. ஆகவே, போராட்டக்காரரின் முகம் பதிவாவது அவருக்கு நன்மையே செய்யும் என்ற எண்ணத்தைப் பெருங்காமநல்லூரை அறிந்த ஓர் ஆய்வு தயக்கத்துடன்தான் ஏற்க முடியும்.

சூசன் சொன்டாக் முதலியோர் எழுப்பிய விவாதம், பிறர் துயரைப் பார்ப்பவரின் மனநிலையையே பெரிதும் மையப்படுத்தியது. அரியேல்லா அசூலே இதனைத் திருத்தினார். எடுப்பவர், எடுக்கப்படுபவர், பார்ப்பவர் ஆகிய மூவருக்கும் இடையிலான குடிமை உடன்பாடாக ஒளிப்படத்தை அவர் காண்கிறார். நடைமுறையில் இவ்வுடன்பாட்டின் நலிந்த தரப்பு எடுக்கப்படுபவரே. டொரோதியா லாங் 1936-இல் கலிபோர்னியாவில் எடுத்த 'புலம்பெயர் தாய்' படம் அமெரிக்கப் பெருமந்தத்தின் முகமாயிற்று. லாங் அப்பெண்ணின் பெயரைக் கேட்கவே இல்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1978-இல், தம்மை வெளிப்படுத்திக்கொண்ட ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், அப்படத்தால் தமக்கு ஒரு பயனும் விளையவில்லை என்று குறைப்பட்டார்.

திமிலும் சுவரும்

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் விதித்த தடையை எதிர்த்து 2017 சனவரியில் எழுந்த ஜல்லிக்கட்டுப் போராட்டம், தமிழகத்தில் கைப்பேசிக் கேமரா தன் வலிமையை முழுமையாக வெளிப்படுத்திய முதல் பெருநிகழ்வு எனலாம். மெரினாவின் கைப்பேசி வெளிச்சங்கள் நாடறிந்தவை. மதுரைப் பகுதி அளித்த காட்சிகள் வேறு வகையின: அலங்காநல்லூர் வாடிவாசல் முன் அமர்ந்த கூட்டம், தமுக்கம் பகுதியில் இரவும் பகலும் தங்கிய மாணவர்கள், வைகைப் பாலத்தின்மேல் நகர முடியாமல் நின்ற இரயில். வற்றிய ஆறு, மேலே அசையாத பெட்டிகள், அவற்றின்மீது ஏறிய இளைஞர்கள் என்னும் அக்காட்சியில், ஊரின் இயக்கமே நிறுத்தப்பட்டுவிட்டது என்பது விளக்கமின்றிப் புலப்பட்டது. சனவரி 21-இல் அவசரச் சட்டம் வந்தது. மறுநாள் போட்டியைத் தொடங்கி வைக்க மதுரை வந்த முதலமைச்சரால், நிரந்தரத் தீர்வு கோரிய மக்களை மீறி அதனைச் செய்ய இயலவில்லை. அலங்காநல்லூரில் காளைகள் அவிழ்க்கப்பட்டது பிப்ரவரி 10 அன்றுதான். இடையே நடந்தவற்றில் படங்களின் பங்கு சிறிதன்று.

எனினும் அவற்றுள் சின்னமாக நிலைத்தது இரயில் அன்று. திமிலைத் தழுவிய இளைஞனின் உருவம். பதாகைகளிலும் சட்டைகளிலும் அது பெரும்பாலும் முகமற்ற கருநிழலாகவே அச்சானது. முகம் இல்லாததால்தான் எவரும் அதனுள் தம்மை வைத்துப் பார்க்க முடிந்தது. அதன் ஆற்றல் அங்கேதான் இருக்கிறது. குறையும் அங்கேதான். களத்தில் எந்தச் சாதியார் இறங்கலாம், முதல் மரியாதை யாருக்கு, காளை வளர்த்த பெண் எங்கே நிற்கிறார் என்பன போன்ற கேள்விகளுக்கு அந்நிழலில் இடமில்லை. 'தமிழர்' என்ற ஒற்றைத் தன்மையைக் கோரும் படத்துக்கு அக்கேள்விகள் இடையூறாகவே இருந்திருக்கும்.

இதனோடு அதே மாவட்டத்தின் உத்தப்புரத்தை ஒப்பிடலாம். தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று அரசால் இடிக்கப்பட்டது. அச்சுவரின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. செங்கல்லும் இடைவெளியும் தெளிவாகவே பதிவாகியிருந்தன. ஆயினும் எவரும் அதனைச் சட்டையில் அச்சிட்டுக்கொள்ளவில்லை. படத்தின் தரம் இதற்குக் காரணமன்று. சின்னமாவதற்குப் பார்ப்பவர் 'இது நாம்' என்று சொல்ல வேண்டும்; உத்தப்புரப் படமோ அந்த 'நாம்' என்பதையே இரண்டாகப் பிளந்து காட்டியது. எனவே ஒரு போராட்டப் படம் பரவலாக ஏற்கப்படுவதை மட்டுமே கொண்டு அதன் உண்மையை அளக்கும் திறனாய்வு, பெரும்பான்மையின் வசதியையே அழகியலாக எடுத்துக்கொள்ளும்.

சட்டகத்துக்கு வெளியே

தென்மாவட்டங்களில் இதற்கு மறுதலையான ஒரு படமும் உண்டு. 2018 மே 22, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். வாகனத்தின் மேல் ஏறித் துப்பாக்கியைக் குறிபார்க்கும், மஞ்சள் சட்டையணிந்த சீருடையற்ற காவலரின் காட்சி அன்றே எங்கும் பரவியது. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். பதினேழு வயதுப் பெண்ணும் அவர்களுள் ஒருவர். பெருங்காமநல்லூரின் தலைகீழ் வடிவம் இது: இங்கே அடையாளம் பதிவானது அரசின் கைக்கு. இறந்த உடல்களைக் காட்டாமலேயே கொலையைக் காட்டிய வகையில், இப்படம் அறநிலையில் உயர்ந்தது என்றே மதிப்பிட வேண்டும்.

ஆனால் ஒரு மஞ்சள் சட்டை கண்ணில் நிறைந்துவிட்டால் ஆணையிட்டவர் மறைந்துவிடுவார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல்துறையினர் மீதும், அன்றைய மாவட்ட ஆட்சியர், வருவாய்த் துறையினர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. படத்தில் ஒருவர், அறிக்கையில் பலர். ஒளிப்படத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் அறிக்கையையும் படித்தாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பதில் சொல்லக் கடமைப்பட்ட படம்

மதுரையில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த அடுத்த மாதமே, 2017 பிப்ரவரியில், மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் வெளிவந்தது. மனிதக் கழிவை மனிதர் அள்ளும் பணியை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னும் அது தொடர்வதையும், அதில் நேரும் சாவுகளையும் படம் பதிவுசெய்தது. ஜல்லிக்கட்டுப் படங்களைக் கொண்டாடிய அதே சமூகம் இப்படத்தின் காட்சிகளைக் காணத் தயங்கியது. பொதுத் திரையிடல்கள் தடுக்கப்பட்டன. அதன் ஒளிப்பதிவாளர் எம். பழனி குமார். மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த அவருடைய தாய் மீன் விற்று வாழ்ந்தவர். தாயின் அன்றாட உழைப்பைப் படமெடுத்ததைப் பற்றி அவரே எழுதியுள்ளார். வெளியிலிருந்து வந்த கண் அன்று அவருடையது.

தூய்மைப் பணியாளரின் சாவைப் படமெடுப்பவர் முன் கடினமானதொரு தேர்வு உள்ளது. தொட்டியிலிருந்து எடுக்கப்படும் உடலைக் காட்டினால் பார்ப்பவர் அதிர்வார். இறந்தவரோ தம் இறுதிக் கண்ணியத்தையும் இழப்பார். காட்டாவிட்டால் 'விபத்து' என்ற அரசுச் சொல்லே எஞ்சும். பழனி குமார் உடல்களையும் எடுத்தார். பின் அங்கேயே நிற்காமல் குடும்பங்களிடம் திரும்பிச் சென்றார். 'நானும் ஒரு குழந்தை' என்னும் அவருடைய கண்காட்சி, தந்தையரை இழந்த பிள்ளைகளை நோக்கியது. நேராகக் கேமராவைப் பார்க்கும் அப்பிள்ளைகளின் படத்துக்கு அதிர்ச்சி தேவைப்படவில்லை. பின்னாளில் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கே கேமராவைக் கற்பிக்கும் பணியை அவர் மேற்கொண்டார். தனிப்பட்ட பரிவு என்று மட்டும் இதனைக் கொள்ளலாகாது. அசூலே கூறும் மூவர் உடன்பாட்டில் எடுக்கப்படுபவரை எடுப்பவராக மாற்றும் செயல் இது.

இங்கும் ஐயத்துக்கு இடமுண்டு. பிள்ளையின் ஒப்புதலை யார் தர முடியும்? ஏழு வயதில் எடுக்கப்பட்ட படம் இருபது வயதில், வேலை தேடும் இடத்தில், அவனுடைய சாதியையும் தந்தையின் தொழிலையும் அறிவிக்குமானால் அது மற்றொரு ரேகையாகிவிடாதா? படத்தைத் திரும்பப் பெறும் உரிமை, பெயரை நீக்கும் உரிமை ஆகியன குறித்துத் தமிழ் ஒளிப்பட விவாதம் விரிவாகப் பேசவில்லை. காட்சியின் அழகைப் பற்றி எழுதப்படும் பக்கங்களில் பாதியாவது இதற்குச் செலவிடத் தக்கது.

உயரத்திலிருந்து

அண்மைய நிகழ்வு அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊரையும் சுற்றுப்பகுதிகளையும் உட்படுத்தி டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலத்தின் முடிவு 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2025 சனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தமுக்கம் நோக்கித் திரண்டனர். அன்றைய படங்களுள் பெரிதும் பகிரப்பட்டவை உயரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. நாற்கரச் சாலையை நிறைத்து நகரும் மனிதத் திரள். தனி முகம் எதுவும் இல்லை. ஜல்லிக்கட்டின் கருநிழல் ஓர் ஆணின் உடலை எல்லோருக்கும் பொதுவாக்கியது. இங்கே பெண்களும் முதியோரும் மாடு மேய்ப்பவரும் ஒருவரையொருவர் மறைக்காமல் ஒரே நீட்சியில் நிற்கின்றனர். தலைவன் எனச் சுட்ட ஒரு முகத்தைச் செய்தியாசிரியருக்கும் தரவில்லை, காவல்துறைக்கும் தரவில்லை.

சனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை இரத்து செய்தது. அடுத்து ஊர்களில் எடுக்கப்பட்ட படங்கள் மீண்டும் தரைக்கு இறங்கின: குலவையிடும் பெண்கள், இனிப்பு ஊட்டிக்கொள்ளும் கைகள், முழுமையாகத் தெரியும் முகங்கள். அதற்குள் அந்த முகமற்ற ஊர்வலத்தில் வந்தவர்கள் மீது வழக்குகள் பதிவாகியிருந்தன. அவற்றை மாநில அரசு திரும்பப் பெற்றது அதன் பின்னரே.