சர்வே எண்ணும் சதுப்பும்

தென்சென்னைப் புறநகரான பெரும்பாக்கத்தில் ஏறத்தாழ 15 ஏக்கரில் 1,250 வீடுகள் கொண்ட அடுக்குமாடித் திட்டத்துக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் (சி.எம்.டி.ஏ.) 2025 ஜனவரியில், சில நாள் இடைவெளியில், ஒப்புதல் அளித்தன. அந்த நிலம், பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமான பள்ளிக்கரணை ராம்சர் தளத்துக்குள் வருகிறது என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு குற்றம் சாட்டியது. பொதுநல வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் இறுதியில் பணிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. சட்டக் கேள்வியை நீதிமன்றம் தீர்க்கட்டும். இந்த எதிர்ப்பு ஒரு வாதமாக எவ்வளவு தேறுகிறது என்பது நாம் எடைபோட வேண்டியது.

முதலில் அதன் முறை. தென்சென்னைப் புறநகரில் பெரிய குடியிருப்பு எழும்போதெல்லாம் கிளம்பும் முறையீடுகள் நமக்குப் பழக்கமானவை: தெரு தாங்காது, தண்ணீர் லாரிகள் பெருகும், கழிவுநீர் ஏரிக்குப் போகும். இவை பொய்யில்லை, ஆனால் நிறுவப்படாதவை. நாலு நிபந்தனைகளை எழுதி அதிகாரி கோப்பை மூடிவிடலாம். பெரும்பாக்க எதிர்ப்பு அந்தப் பலவீனத்தைக் கடந்திருக்கிறது. சர்வே எண்களை எடுத்து ராம்சர் வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்த்தது. 2022-இல் அறிவிக்கப்பட்ட ராம்சர் தளம் 1,247.54 ஹெக்டேர். அதில் காப்புக்காடு ஏறத்தாழ 700 ஹெக்டேர்தான். மீதி அதற்கு வெளியே கிடக்கிறது. எந்தப் பரப்பைக் காப்போம் என்று உலகுக்கு அறிவித்த அரசு, அந்தப் பரப்பில் எந்தெந்த சர்வே எண்கள் அடங்கும் என்று அனுமதி தந்தபோது களத்தில் உறுதி செய்திருக்கவில்லை. கண்டனத்தின் கூர்மை இந்த இடைவெளியைச் சரியாகத் தொட்டதில் இருக்கிறது.

அரசின் பதிலையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். இது பட்டா நிலம் என்பது அதன் முதல் பாதி. பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அங்கே கட்டலாமா என்று சொல்லாது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் ராம்சர் தளங்களுக்குப் பொருந்தும்போது உரிமையாளரைப் பார்ப்பதில்லை. களச் சரிபார்ப்பு முடியவில்லை என்ற இரண்டாம் பாதிக்கு வலு உண்டு. எல்லையே உறுதியாகாதபோது, அனுமதியை நம்பிப் பணம் கட்டியவரைக் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. ஆனால் அந்த நியாயத்தை முழுமையாக ஏற்றால் அது அனுமதிக்கு எதிராகவே திரும்புகிறது. எல்லை தெரியாத இடத்தில் அனுமதியைத்தான் நிறுத்தி வைத்திருக்க வேண்டும்.

எதிர்ப்பாளர்கள் போதுமான அளவு பயன்படுத்தாத வாதம் ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டுமானத் திட்டங்களைப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. தொழிற்சாலை வந்தால் ஊரைக் கேட்பார்கள். ஆயிரம் குடும்பங்களுக்குமேல் குடியேறும் வளாகம் வந்தால் கேட்க மாட்டார்கள். அதனால்தான் ஊர்க்காரர் தன் கருத்தை முதன்முறையாகச் சொல்லும் இடம் உயர் நீதிமன்றமாக இருக்கிறது, அதுவும் அனுமதி கைமாறிய பிறகு. ஓர் அனுமதியைத் தாக்குவதைவிட இந்த விலக்கைத் தாக்குவது பெரிய காரியம்.

இனி குறை. இந்த வாதம் முழுக்க ஒரு கோட்டின்மேல் நிற்கிறது. நாளை அளவீடு முடிந்து நிலம் கோட்டுக்குப் பத்து மீட்டர் வெளியே என்று தெரிந்தால் வாதம் விழுந்துவிடும். ஆனால் வெள்ளம் அப்படியே வரும். பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் அனுப்பும் பரப்பு ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர். ஏரி ஏரியாக வழிந்து சதுப்பில் சேரும் அந்த நீர், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நீர் எந்தத் தெருவில் எத்தனை நாள் நின்றது என்பதே முதன்மைச் சான்றாக வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அந்தச் சான்றை வைத்தால் சங்கடமான உண்மைகளும் கூடவே வரும். அதே பெரும்பாக்கத்தில் அரசு வாரியம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளைக் கட்டி, நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்த ஏழைகளைக் குடியேற்றியது. அதன் முன்னால் 1,250 வீடு சிறியது. பெருங்குடிக் குப்பைமேடும் அரசு நிறுவனக் கட்டடங்களும் சதுப்பைத் தின்றே நிற்கின்றன. எதிர்ப்பவர்களிலும் பலர், இரண்டு தலைமுறைக்கு முன் நீர் நின்ற மண்ணில்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். ஒரு தனியார் திட்டத்தை மட்டும் அளந்து, இவற்றை அளக்காத அளவுகோலை அளவுகோல் என்று ஏற்க முடியாது. மறுபுறம், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில், அறிவியல் ஆய்வு முடியும்வரை ராம்சர் தளத்துக்குள்ளும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய அனுமதி கூடாது என்றபோது, அரை கிரவுண்டில் வீடு கட்டக் காத்திருந்தவர்களும் பெரிய நிறுவனங்களோடு சேர்ந்து முடங்கினார்கள். ஒரே அளவு தள்ளி எல்லாப் பக்கமும் வரைந்த வட்டம் நிலத்தின் சரிவை அறியாது.

ஆகவே என் தீர்ப்பு இது. சான்றுத் திறத்தில் இந்த எதிர்ப்பு தேறிவிட்டது. அண்மைக் காலத்தில் இப்பகுதியில் எழுந்த குடியிருப்பு எதிர்ப்புகளில் இதைவிட ஒழுங்காகக் கட்டப்பட்ட ஒன்றை நான் காணவில்லை. அனுமதி நிற்கத் தகுதியற்றது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளப்பதில் எதிர்ப்பு பாதி வழியில் நிற்கிறது. வடிநிலம் முழுவதற்குமான வெள்ள மட்டத்தை ஊர்வாரியாக வெளியிட்டு, அதன்படியே சென்னைப் பெருநகரின் மூன்றாம் முழுமைத் திட்டத்தை எழுத வேண்டும் என்று அது கேட்டிருக்க வேண்டும். வாரியக் குடியிருப்பும் குப்பைமேடும் நம் சொந்த வீடுகளும் அந்தக் கணக்கில் அடங்கும். இந்த நீரோட்டத்தின் கீழ்முனையில், கோவளத்துக்கும் கோகிலமேட்டுக்கும் இடையே அரசு திட்டமிட்ட மாமல்லன் நீர்த்தேக்கத்தை எதிர்க்கும் மீனவர்களுக்கு ராம்சர் கோடு எந்த வகையிலும் உதவாது. நீரின் போக்கை அடிப்படையாகக் கொண்ட வாதத்தை அவர்களும் எடுத்துப் பேச முடியும்.