வாடிவாசலில் தொடங்குங்கள்!

சி. சு. செல்லப்பா என்னும் பெயரின் முதலெழுத்து ஓர் ஊரைச் சுட்டி நிற்கிறது. அவ்வூர் சின்னமனூர். முல்லைப் பெரியாற்று நீர் பாய்ந்து வளங்கொழிக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் நடுவே அமைந்தது. பாண்டியர் செப்பேடுகளால் வரலாற்றில் இடம்பெற்றது. 1912 செப்டம்பர் 29இல் பிறந்த செல்லப்பா வத்தலக்குண்டில் வளர்ந்தார், சென்னையில் எழுதினார், 1998 டிசம்பர் 18இல் மறைந்தார். எங்கே வாழ்ந்தாலும் ஊரைப் பெயரின் தலையில் சுமந்தே நடந்தார்.

“அவர் நம்மவரா? அவரை நாம் ஏன் படிக்க வேண்டும்?” என்று தோழர்கள் கேட்கக்கூடும். நம்மவர் அல்லர்தாம். பார்ப்பனக் குடும்பத்திற் பிறந்தவர், காந்தியத்தில் தோய்ந்தவர், நாட்டு விடுதலைக்காகச் சிறை புகுந்தவர். 1959 சனவரியில் அவர் தொடங்கிய ‘எழுத்து’ ஏட்டைச் சூழ்ந்திருந்தோர், கொள்கை முழங்கும் எழுத்தை இலக்கியமென ஏற்கத் தயங்கினர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தீர்க்க நாம் இங்கே வரவுமில்லை. ஆனால், எழுதியவன் எந்த வீட்டில் பிறந்தான் என்று பார்த்து நூலைத் தள்ளுவது எவருடைய பழக்கம்? பிறப்பைப் பார்த்து மனிதனை அளக்கும் கொடுமையை எதிர்த்து நிற்கும் நாம், அதே கோலால் நூலை அளக்கலாமா? அளக்கலாகாது! படித்துப் பார்த்து, ஏற்பதை ஏற்று, மறுப்பதை மறுப்பதே பகுத்தறிவு.

எங்கே தொடங்குவது? ஐயமே வேண்டா: ‘வாடிவாசல்’. 1959இல் நூலாக வந்த சிறு புதினம் அது. ஒரே அமர்வில் படித்து முடிக்கலாம். கதையும் ஒரு பிற்பகலுக்குள் முடிந்து விடுகிறது. செல்லாயி சல்லிக்கட்டு நடக்கிறது. உசிலனூர் அம்புலி என்னும் மாடுபிடி வீரனைக் குத்திக் கொன்ற காரிக்காளை அன்று களத்துக்கு வருகிறது. அது ஜமீன்தாரின் காளை. தந்தையின் இறுதி ஆசையை நெஞ்சில் ஏந்தி, அதே காளையை அணைய வந்து நிற்கிறான் மகன் பிச்சி. நாட்டுப்புறத்துப் பேச்சு, காளையின் ஒவ்வோர் அசைவு, கூட்டத்தின் மூச்சு, யாவும் ஏட்டில் உயிரோடு துடிக்கின்றன. அக்கிரகாரத்துக் குழந்தை இந்த மக்களின் நாவையும் நரம்பையும் இவ்வளவு துல்லியமாக அறிந்ததெப்படி? பக்கத்தில் நின்று கண் திறந்து பார்த்ததால் அறிந்தது; வேறு மந்திரம் இல்லை.

2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடுத்தது. 2017 சனவரியில் மெரினாவில் இளைஞர் திரண்டனர். தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. அச்சட்டம் செல்லும் என்று 2023 மே 18இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று சின்னமனூரை அடுத்த அய்யம்பட்டியிலும், பல்லவராயன்பட்டியிலும் காளைகள் களம் காண்கின்றன. இந்தச் சூழலில் ‘வாடிவாசலை’ வீரப் புகழ் பாடும் நூலென்று கொண்டாடுவோர் பலர். நாம் அவ்வாறு படிக்கவில்லை.

முடிவைப் பாருங்கள். பிச்சி வெல்கிறான், தொடை கிழிந்து குருதி சிந்தித்தான் வெல்கிறான். தோற்ற காளை வெறிகொண்டு ஓடுகிறது. அதைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துகிறவர் யார்? அதை வளர்த்த ஜமீன்தாரே! ஏன்? காளையின் தோல்வி அவருடைய தோல்வி. காளையின் கொம்பு அவருடைய மேலாண்மை. மண்ணில் உயிரைப் பணயம் வைத்தவன் ஏழை. மேடையில் மானத்தைப் பணயம் வைத்தவர் செல்வர். ஏழைக்குக் கிடைத்தது காயம். விலங்குக்குக் கிடைத்தது குண்டு. ஆண்டைக்கு இழப்பு அவருடைய பெருமிதம் மட்டுமே. இதனை ஆசிரியர் எங்கும் முழங்கவில்லை. காட்டுகிறார்; விலகி நிற்கிறார். ஆதிக்கத்தின் உள்ளிருப்பை இப்படி உரித்துக் காட்டும் நூலை நம் இளைஞர் படிக்காமல் வேறு யார் படிப்பது? 2013இல் இது ஆங்கிலத்திலும் வெளிவந்து உலகை எட்டியது. அடுத்த தெருவுக்கு எட்டாமலிருக்கலாமா?

அடுத்தது ‘ஜீவனாம்சம்’. ‘எழுத்து’ ஏட்டில் தொடராக வந்த புதினம். கணவனை இழந்து, உடன்பிறந்தான் வீட்டில் வாழும் சாவித்திரி. அவளுடைய வாழ்வுப்படிக்காகப் புகுந்த வீட்டார்மேல் தொடுத்த வழக்கு. இடையே அவள் நெஞ்சில் ஓடும் எண்ணங்கள். நிகழ்ச்சியைவிட நினைவோட்டமே கதையை நடத்துகிறது. ஒரு பெண்ணின் தனிமையைத் தமிழில் இத்துணை நெருங்கிச் சென்று பார்த்த புதினங்கள் அந்நாளில் சிலவே. எனினும் இங்கேதான் நாம் வழக்காடுகிறோம். முடிவில் அவள் மனம் புகுந்த வீட்டின் பக்கமே சாய்கிறது. அவளுக்கு மூன்றாவது வாசல் இல்லையா? 1929இல் செங்கற்பட்டு மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமையும் கைம்பெண்ணுக்கு மறுமணமும் வேண்டுமென்று தீர்மானித்த நாட்டில், 1956இல் வாரிசுரிமைச் சட்டம் வந்த பின்னும், சாவித்திரிக்கு இரண்டு வீடுகள்தாமா? சிறைக்குள்ளிருக்கும் நெஞ்சை நுணுகி வரைந்த கலைஞர், சிறைக்கதவைத் தட்டிப் பார்க்கவில்லை. இக்குறையைச் சொல்லியே இந்நூலைப் பரிந்துரைக்கிறோம். படித்தவன்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

இவ்விரண்டும் முடித்தோர் ‘சுதந்திர தாகம்’ பக்கம் செல்லலாம். 1997இல், எண்பத்தைந்தாம் வயதில், மூன்று பாகங்களாக வெளியிட்டார். சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தபோது பெற்றுக்கொள்ள அவர் இல்லை. விடுதலைப் போரை ஒரு காந்தியத் தொண்டனின் கண்ணால் காட்டும் பெருநூல் அது. படிக்கையில் அதே காலத்துச் சுயமரியாதை இயக்க வரலாற்றையும் அருகே வைத்துக்கொள்ளுங்கள். அந்நியன் போகவேண்டும் என்ற குரலும், அடிமைத்தனம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதென்ற குரலும் ஒரே நாட்டில் ஒலித்தன. இரண்டையும் கேட்டவனே அந்தக் காலத்தை அறிந்தவனாவான்.

இறுதியாக, அந்த மனிதரைப் பற்றி ஒன்று. தாம் அச்சிட்ட நூல்களை மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து, ஊர் ஊராய், கல்லூரி கல்லூரியாய்ச் சென்று விற்றவர் செல்லப்பா. செல்வர் வாசலில் காத்துக் கிடக்கவில்லை. வாசகனின் வாசலைத் தேடி நடந்தார். கொள்கையில் வேறுபட்டாலும், இந்த உழைப்பு நமக்குப் புதிதன்று. ஏட்டைச் சுமந்து திரிந்த தொண்டர்கள் நம் பக்கத்திலும் உண்டு.

தேனியிலும் கம்பத்திலும் சின்னமனூரிலும் படிப்பகம் நடத்தும் தோழர்களுக்கு நம் வேண்டுகோள் சிறிது. சிலை வேண்டா, மாலை வேண்டா. ‘வாடிவாசல்’ ஐந்து படிகள் வாங்கி வையுங்கள். ஒரு மாலை, ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வியை நடுவில் வையுங்கள்: காரியைக் கொன்றது எது? விடை தேடும் அந்த வாதமே சின்னமனூர்க்காரருக்கு நாம் எடுக்கும் நினைவு விழா!