ஒரு எண் போதுமா? வேகச் சோதனைச் செயலிகள்: ஒரு திறனாய்வு

"சார், லைன் ஸ்லோ." 2020ஆம் ஆண்டில் வீட்டிலிருந்தே கற்றல் கற்பித்தல் தொடங்கியதிலிருந்து ஆசிரியர்களுக்குப் பழகிப்போன வாக்கியம் இது. நாம் சொல்லும் பதிலும் பழகியதுதான்: "ஸ்பீட் டெஸ்ட் எடுத்து புலனத்துல அனுப்புப்பா." மாணவர் அனுப்பும் படத்தில் 30 என்று இருந்தால், "நல்லாத்தானே இருக்கு, சாக்கு சொல்லாத" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. ஒரு மாணவரின் நேர்மையையே அந்த எண்ணை வைத்து எடைபோடுகிறோம். அப்படியானால் அந்த எண்ணைத் தரும் செயலிகளையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டாமா?

நம்மிடையே அதிகம் புழங்குபவை இரண்டு. ஒன்று, ஊக்லா நிறுவனம் 2006இல் தொடங்கிய ஸ்பீட்டெஸ்ட். மற்றொன்று, நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஃபாஸ்ட்.காம்.

ஸ்பீட்டெஸ்ட் பதிவிறக்கம், பதிவேற்றம், பிங் எனப்படும் தாமதம் ஆகிய மூன்றையும் ஒரே திரையில் காட்டுகிறது. இது அதன் பலம். ஆனால், நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் பெரும்பாலும் பக்கத்திலுள்ள சேவையகத்தையே அது தேர்ந்தெடுக்கும். ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து தரவை இழுக்கும். ஆகவே, அந்த லைன் எட்டக்கூடிய உச்ச வேகமே நமக்குத் தெரிகிறது. காஜாங்கிலிருந்து செமெஞே வரை கார் ஓடிய வேகத்தைப் பார்த்துவிட்டு, ஜொகூர் பாருவுக்குப் போய்ச்சேரும் நேரத்தைச் சொல்வது போலத்தான் இது.

ஃபாஸ்ட்.காம் எளிமையானது. பக்கத்தைத் திறந்ததுமே சோதனை ஓடும், பெரிய எழுத்தில் ஒரே எண் வரும். அந்த எளிமையே அதன் குறையும்கூட. முதலில் தெரிவது பதிவிறக்க வேகம் மட்டும்தான். மற்ற விவரங்களைப் பார்க்க இன்னொரு பொத்தானை அழுத்த வேண்டும். வாய்மொழிச் சோதனைக்குத் தன் காணொலியை அனுப்பும் மாணவருக்குத் தேவை பதிவேற்றம். அவர் படமெடுத்து அனுப்பும் எண்ணில் அது இருக்காது.

தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்றும் உண்டு. 'இணைய வேகம்' என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறோம். ஒரு விநாடியில் எவ்வளவு தரவு வருகிறது என்பது ஒன்று. ஒரு சிறு தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது மற்றொன்று. முன்னது குழாயின் அகலம். பின்னது தண்ணீர் வந்துசேரும் நேரம். குரல் உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டி. பிங் போய்வரும் நேரத்தைக் காட்டுவதால், அதை ஏறக்குறைய 300 என்று கொள்ளலாம். ஆக, 30 எம்பிபிஎஸ் வேகமும் 600 பிங்கும் உள்ள மாணவர் கேள்வி கேட்டால் குரல் பிந்தி வரும். 3 எம்பிபிஎஸ் வேகமும் 40 பிங்கும் உள்ளவர் தடையின்றிப் பேசுவார். முதலாமவரைத்தான் நாம் "சாக்கு சொல்றான்" என்கிறோம்.

அலகிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, கோப்பின் அளவு மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 40 மெகாபைட் காணொலியை 8 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க 5 விநாடி போதும் என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. சரியான விடை 40 விநாடி.

சோதனைக்கும் டேட்டா செலவாகிறது. 100 எம்பிபிஎஸ் லைனில் 10 விநாடி பதிவிறக்கச் சோதனை ஓடினால் 125 மெகாபைட் போய்விடும். பதிவேற்றம் தனிக்கணக்கு. ப்ரீபெய்ட் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிடும் வீட்டுப் பிள்ளையிடம் "இன்னொரு தடவ எடு" என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2020இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டம், கைப்பேசி இணையத்தின் சராசரி வேகத்தை 35 எம்பிபிஎஸ் ஆக்க இலக்கு வைத்தது. சராசரி ஒவ்வொரு வீட்டின் நிலையையும் சொல்லாது. அதே ஆண்டில்தான் சபா, பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி லைன் தேடி மரத்தில் ஏறித் தேர்வு எழுதினார்.

இச்செயலிகளை ஒதுக்க வேண்டியதில்லை, பயன்படுத்தும் முறையை மாற்றினால் போதும். விபிஎன்னை அணைத்துவிட்டு, மாணவர் வகுப்புக்கு உட்காரும் அதே இடத்தில், வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு கோபுரத்தைப் பலர் பகிர்வதால், மதியம் வாசலில் எடுத்த எண் இரவு 8 மணிக்கு அறைக்குள் பொருந்தாது. மூன்று எண்களையும் குறிக்கச் சொல்லுங்கள். வாய்மொழி வகுப்பென்றால் பிங்கையும் பதிவேற்றத்தையும் முதலில் பாருங்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களே, தொழில்நுட்பம் பற்றிய கட்டுரையில் 'இணைய வேகம் குறைவு' என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகாதீர்கள். பதிவிறக்கமா, பதிவேற்றமா, தாமதமா என்று பிரித்துச் சொன்னால் கருத்துக்குத் தெளிவு வரும். ஆசிரியரிடம் "லைன் ஸ்லோ" என்று சொல்லும்போதும் அப்படியே சொல்லிப் பாருங்கள்: "சார், நீங்க பேசுறது கேக்குது, நான் பேசுறதுதான் போகல."