ஒரு மருந்தின் கதை

ஸ்டீவன் பிரில் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் 2015-ம் வருஷம் ஹஃபிங்டன் போஸ்டில் பதினைந்து அத்தியாயங்களாக ஒரு தொடர் எழுதினார். 'அமெரிக்காவில் எல்லோரும் மெச்சும் சட்டவிரோதி' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ரிஸ்பெர்டால் என்கிற மருந்தையும், அதை விற்ற ஜான்ஸன் அண்டு ஜான்ஸன் கம்பெனியையும் பற்றியது. நடந்த விஷயம்தான் என்றாலும், நல்ல தொடர்கதைக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. இதன் பலம் அதுதான். பலவீனமும் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பெரியவர்களின் சித்தக் கோளாறுக்கென்று 1993-ம் வருஷக் கடைசியில் அமெரிக்க சர்க்காரின் அனுமதி பெற்ற மருந்து ரிஸ்பெர்டால். குழந்தைகளுக்கு என்று 2006 வரையில் அனுமதி கிடையாது. டாக்டர் தம் பொறுப்பில் எழுதிக் கொடுக்கலாம். கம்பெனி அதற்காகப் பிரசாரம் செய்யக் கூடாது. இது சட்டம். கம்பெனியின் ஆட்களோ குழந்தைகளைப் பார்க்கும் மனநோய் டாக்டர்களைத் தேடிப் போனார்கள் என்பது சர்க்காரின் புகார். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் வைப்பதற்கு, மருந்தின் பெயர் பொறித்த லெகோ கட்டைகளை டாக்டர்களுக்குக் கம்பெனி கொடுத்தது. நாவலில் இப்படி ஒரு சம்பவத்தை எழுதியிருந்தால், மிகையென்று நானே அடித்திருப்பேன்.

இந்த மருந்து மூளையில் டோபமைனின் வேலையைத் தடுக்கிறது. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தால், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஏறுகிறது. ஆட்டிசம் உள்ள அலபாமாப் பையன் ஒருவனுக்குப் பெண்களுக்குப் போல மார்பு வளர்ந்துவிட்டது. 2015 பிப்ரவரியில் பிலடெல்பியா ஜூரிகள் அவனுக்கு 25 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். அதற்கு முன்பே, 2013-ல், வேறு மருந்துகள் பற்றிய புகார்களையும் சேர்த்து 220 கோடி டாலருக்கு மேல் கட்டக் கம்பெனி சம்மதித்திருந்தது. குழந்தைகள் விஷயத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. யாரும் சிறைக்குப் போகவில்லை. மருந்தின் விற்பனையை நடத்தியவர்களில் ஒருவரான அலெக்ஸ் கார்ஸ்கி 2012-ல் கம்பெனிக்கே தலைவரானார். தஸ்தாவேஜுகளை முன்னால் வைத்துக்கொண்டு பிரில் இதைச் சொல்கிறார். படிக்கும்போது ரத்தம் கொதிக்கிறது.

கொதித்து அடங்கிய பிறகுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வில்லன் அகப்பட்டுவிட்டால் வாசகனுக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு இந்த விஷயத்தில் இடம் இருக்கிறதா?

2002-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பாருங்கள். முக்கியமாக சர்க்கார் பணத்தில் நடந்தது. தன்னையே அடித்துக்கொள்வது, பிறர்மேல் பாய்வது, அடங்காமல் கத்துவது என்றிருந்த ஆட்டிசக் குழந்தைகள் 101 பேர், எட்டு வாரம். இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 69 பேரிடம் நல்ல மாறுதல் தெரிந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 12 பேரிடம்தான். உடல் எடை ஒரு பக்கம் சராசரி 2.7 கிலோவும், மறுபக்கம் 0.8 கிலோவும் ஏறிற்று. ஆக, மருந்து போலியல்ல. அது வேலை செய்கிறது. கெடுதலும் செய்கிறது. சுவரில் தலையை மோதிக்கொள்ளும் பிள்ளையை இரவெல்லாம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய், அந்த மாத்திரையை வாங்கிக்கொண்டதை யார் குறை சொல்வது?

இன்னொரு விஷயம். அந்த ஆராய்ச்சியில் குழந்தையின் எரிச்சல் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பெண் போட்டவர்கள் பெற்றோர்கள். வேறு வழியும் இல்லை. ஆட்டிசக் குழந்தைகளில் பலருக்குப் பேச வராது. வீடு அமைதியாகிவிட்டது என்பது தெரிகிறது. குழந்தைக்கு உள்ளே என்ன ஆயிற்று? அமைதியா, மந்தமா, பயமா? அதற்குச் சாட்சி இல்லை. நாவலாசிரியனுக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான். கோர்ட்டுக்கும் கம்பெனிக்கும் போகிற அவசரத்தில் பிரிலின் தொடர் இங்கே போதிய நேரம் நிற்கவில்லை.

ஐந்து வயது முதல் பதினாறு வயது வரையிலான ஆட்டிசக் குழந்தைகளின் எரிச்சலுக்கு இந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று 2006-ல் அனுமதி வந்தது. இனிமேல் கொடுப்பது சட்டப்படிதான். கம்பெனியின் குற்றத்தைத் தெரிந்துகொள்ள பிரிலைப் படிக்கத்தான் வேண்டும். இவ்வளவு பொறுமையாக இதைத் தோண்டி எடுக்க எல்லோராலும் ஆகாது. ஆனால் குற்றம் எதுவும் இல்லாமல், அனுமதியோடு, அன்போடு கொடுக்கப்படுகிற அந்த மாத்திரையைப் பற்றிய புத்தகம் வேறு. நான் படிக்க விரும்புவது அதைத்தான்.